முதுகில் சிலுவை

பெட்டியைத் திறந்ததும் கொலினுக்கு முதலில் வந்தது பயமல்ல, தொழில் ஆசை.

எலும்புகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. புனித பூமியில் ஒரு பிரபு செத்தால் உடலை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. திராட்சை ரசத்தில் வேகவைத்து, எலும்பை மட்டும் பிரித்தெடுத்து ஊருக்குக் கொண்டுவருவார்கள். வேகவைத்தவன் யாரோ, கை தேர்ந்தவன். ஒரு காலத்தில் பன்றி விலாவைப் புனிதர்களின் விலா என்று சொல்லிச் சந்தையில் விற்றுப் பிழைத்த கொலினால் அதை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

"என்ன சரக்கு சாமி! அந்தக் காலத்துல இது மட்டும் என் கையில கிடைச்சிருந்தா, ஒரு அப்போஸ்தலரையே முழுசா வித்திருப்பேன்."

"வாயை மூடு, இல்லேன்னா வெளியே போ" என்றார் எவ்ரார் சாமியார்.

எவ்ரார், ஆயரின் விசாரணைக்காரர். பொய் அற்புதம், கள்ளச் சத்தியம், செத்தவன் நடமாட்டம், எது கிளம்பினாலும் ஆயர் அவரைத்தான் கழுதையேற்றி அனுப்புவார். சிறைக்குப் போகவேண்டிய கொலினை அந்தக் கழுதையைப் பார்த்துக்கொள்ள வைத்துக்கொண்டவரும் அவர்தான். அவனால் கழுதைக்கு ஒரு நன்மையும் இல்லை, பேச்சுத்துணைதான்.

வால்நுவார் ஊர்க் கோயிலுக்குள் குளிர் எலும்பைத் துளைத்தது. கல்லறைத் திருநாள் கழிந்து, பனிமூட்டம் பள்ளத்தாக்கை விட்டு நகர மறுத்த காலம். செத்தவர்கள் வீடு தேடி வரும் காலம் என்று பர்கண்டி நாடு முழுக்கச் சொல்வார்கள். வால்நுவாரில் ஒருவர் நிஜமாகவே வந்திருக்கிறார் என்றார்கள்.

பெட்டியின் ஒரு பக்கம் ராவுல் நின்றிருந்தான். போர்வீரன், வெயிலில் கறுத்த முகம். சிலுவைப் போரில், ஆக்கர் நகர முற்றுகையில் ஊர்ப் பிரபு எமெரி இறந்தார் என்று சேதியும் எலும்பும் கொண்டுவந்தவன் அவன்தான். மறுபக்கம் எமெரியின் மனைவி எர்சாந்த் நின்றிருந்தாள். துக்கத்துக்குரிய வெள்ளைத்துணியை அவள் இன்னும் தலையில் போடவில்லை.

"என் தலைவர் என் மடியிலதான் உயிரை விட்டார்" என்றான் ராவுல். "லாயக்காரன் துரான் கப்பல்லயே போய்ச் சேர்ந்துட்டான். கடைசியில அவர்கூட இருந்தது நான் ஒருத்தன்தான்."

"அவர் போர்வை எங்க?" என்று கேட்டாள் எர்சாந்த். பலமுறை கேட்டுத் தேய்ந்த குரல் அது.

"ஜுரத்துல போர்த்தினதும்மா. எரிச்சுட்டேன்."

"அதைத்தான் ஊரே பார்க்குது. போர்வை எரிஞ்சுபோச்சு, ஆள் இந்தப் பெட்டியில இருக்கார்னா, வெளியில நடக்கிறது யாரு?"

ராவுல் பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். அவன் நெற்றியில் மட்டும் அந்தக் குளிரிலும் வேர்வை பொடித்திருந்ததைக் கொலின் பார்த்தான்.

விஷயம் இதுதான். எலும்பு எமெரியுடையது என்று எவ்ரார் சொல்லிவிட்டால் நாளைக் காலை அடக்கம். அடக்கம் முடிந்தால் எர்சாந்த் விதவை. விதவையின் நிலத்துக்கு வாள் பிடிக்கும் ஒரு கை வேண்டும் என்று, அந்தச் சீமையை ஆளும் கோமகன் எவனைக் காட்டுகிறாரோ அவனை அவள் கட்டிக்கொண்டாக வேண்டும். கோமகன் ராவுலைக் காட்டிவிட்டார். அடுத்து வரும் புனித மார்த்தீன் திருநாளுக்குக் கல்யாணம் என்று, பன்றி அடிக்கும்போதே அதையும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

ராவுல் வெளியே போனதும் எர்சாந்த் சாமியாரின் அங்கியைப் பற்றிக்கொண்டாள்.

"சாமி, பிணத்தைத் தின்ன நாய் வாயைத் துடைச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு அந்த ஆள் முகம். என்னை அவன் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. அதுக்கு என்னையும் இந்தப் பெட்டியில போட்டு மூடிடுங்க."

எவ்ரார் மெல்ல அவள் கையை விடுவித்தார். "பேயை முதல்ல பார்த்தது யாரும்மா?"

* * *

முதலில் பார்த்தவள் ஆலைக்காரன் பெண்டாட்டி பெலீன். மாவு சலித்துக்கொண்டே பேசினாள். பேச்சு நின்றாலும் சல்லடை நிற்கவில்லை.

"பார்த்ததுலேர்ந்து ரொட்டி தொண்டையில இறங்கல சாமி."

"உடம்பைப் பார்த்தா இறங்கின மாதிரிதான் தெரியுது" என்றான் கொலின்.

"இந்த ஆளை வெளியில கட்டிப்போடுங்க சாமி, அந்தக் கழுதைக்குப் பக்கத்துல. ரெண்டுக்கும் பொழுது போகும்."

எவ்ரார் சிரிக்கவில்லை. "எங்க பார்த்த?"

"கோயில் பின்சுவருக்கிட்ட. ஞாயித்துக்கிழமை பூசை நடக்குது, பச்சைக் குழந்தை அழுதுச்சேன்னு நான் வெளியே வந்தேன். பனியில ஒரு உருவம் நிக்குது. எங்க பிரபுவோட நீலப் போர்வை. அணில் தோல் வெச்ச விளிம்பு. அதைத் தெரியாதவங்க இந்த ஊர்ல யாரும் இல்ல. தலையை மூடிக்கிட்டு உள்ள பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் அப்படியே திரும்பி, ஆத்துப் பக்கம் நடந்து போயிட்டாரு. முதுகுல அந்த மஞ்சள் சிலுவை மட்டும் பனியில கொஞ்ச நேரம் தெரிஞ்சுச்சு."

"மஞ்சள் சிலுவையா?"

"சீமாட்டி தன் கல்யாணச் சட்டைக் கையைக் கிழிச்சுத் தெச்சது சாமி. பட்டு. அவர் கிளம்புற அன்னிக்கு ஊரே பார்க்க, நெஞ்சுமேல வெச்சுத் தெச்சாங்க. அழுதுக்கிட்டே தெச்சாங்க. ஊசி குத்தி அவர் 'ஐயோ'ன்னாரு, எல்லாரும் சிரிச்சோம்." பெலீனுக்குக் கண் நிறைந்தது. சல்லடை அப்போதுதான் நின்றது. "நல்ல மனுஷன். செத்தும் நிம்மதி இல்லாம நிக்கிறாரே."

வெளியே வந்ததும் எவ்ரார் ஆற்றைப் பார்த்தபடி நின்றார்.

"கொலின், சிலுவை எடுத்துப் போருக்குப் போறவன் அதை எங்க தெச்சுக்குவான்?"

"நெஞ்சுல. இல்லேன்னா தோள்ல."

"முதுகுக்கு எப்ப மாத்துவான்?"

"நேர்ந்துக்கிட்டதை முடிச்சுட்டு வீட்டுக்குத் திரும்பறப்ப. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே சாமி. முகத்தைத் திருப்பி வர்றவன், சிலுவையையும்..." கொலின் பாதியில் நிறுத்தினான்.

"ஆக்கர்ல செத்தவன் திரும்பவே இல்லை. அவன் சிலுவை நெஞ்சுலதான் இருக்கணும்."

"செத்தப்புறம் ஊசி நூல் கேட்டு வாங்கியிருப்பாரோ?"

"ஊரே முதுகைப் பார்த்திருக்கு, கொலின். பேய்னு முடிவு பண்ணிட்டதால ஒருத்தரும் அதை யோசிக்கல. அந்தப் போர்வையைப் போட்டிருக்கிறவனுக்கு உயிர் இருக்கு. ஆக்கர்லேர்ந்து இங்க வரைக்கும் நடந்து வந்திருக்கான்."

கொலினுக்குப் பயம் விட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் பேய் என்றால் ஒரு சிலுவை போட்டால் போதும். உயிரோடு இருப்பவன் ஏன் ஒளிந்து நிற்கிறான் என்ற கேள்விக்குச் சிலுவை போட்டால் போதாது.

* * *

ஆற்றுக்கு அப்பால், யாரும் போகாத கரையில் ஒரு குடிசை இருந்தது. நெருங்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. மரக்கட்டையை மரக்கட்டையில் தட்டும் வறண்ட சத்தம். குஷ்டரோகிகள் தட்டுவது. கொலின் கழுதையை நிறுத்திவிட்டான்.

"சாமி, பேயே தேவலை."

"அங்கேயே நில்லுங்க" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல். தொண்டையில் பாதி தின்னப்பட்ட குரல். "காத்து உங்க பக்கம் வீசுது. மேட்டுக்குப் போய் நின்னு பேசுங்க."

மேட்டில் நின்று பார்த்தார்கள். நீலப் போர்வை வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அணில் தோல் அங்கங்கே உதிர்ந்திருந்தது. முக்காட்டுக்குள் இருந்த முகத்தை இன்னார் முகம் என்று பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. கொலின் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஆக்கர்லேர்ந்தா?" என்றார் எவ்ரார்.

"ஆமா சாமி. கடல் முடியுற வரைக்கும் கப்பல்ல, சரக்குக்கு அடியில. மிச்சம் நடை."

"கோயில் சுவருக்குப் பின்னால ஏன் நிக்கிறீங்க?"

"உள்ளே வர்றவங்கள்ல ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன். கிட்டப் போனா ஊர் கல்லெடுக்கும். கூப்பிட்டா குரல் எழும்பல. பார்த்துட்டுத் திரும்பிடறேன்."

"நீங்க யாரு?"

அந்த உருவம் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டது.

"யாரா இருந்தா என்ன சாமி? வழியிலயே ஒரு ஊர்ல என்னைக் கறுப்புத் துணிக்கடியில மண்டியிட வெச்சு, கால்ல மண்ணள்ளிப் போட்டு, செத்தவனுக்குண்டான பூசையை முடிச்சுட்டாங்க. உலகத்துக்கு நான் செத்தாச்சு. செத்தவனுக்குப் பேர் எதுக்கு?"

கொலின் ஆற்றின் மறுகரையைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பிரபு, தன் வீட்டுப் புகைபோக்கி தெரியும் தூரத்தில், தன் மனைவியைச் சுவர் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். இப்படியும் ஒரு விதியா?

"நாளைக் காலையில கோயிலுக்கு வாங்க" என்றார் எவ்ரார். "சுவர்ல தாழ்வா ஒரு ஜன்னல் இருக்கு. உங்களைப் போன்றவங்க பூசை பார்க்கத்தான் அதை வெச்சிருக்கு. அங்க நிக்கிறது உங்க உரிமை. கட்டையைத் தட்டுங்க. கல்லெடுத்தா அந்தக் கையை நான் பார்த்துக்கறேன்."

அவர் கழுதை மேல் ஏறப் போனார். முட்டி வலி, கழுதை வேறு விலகியது. உடனே அந்த உருவம் சட்டென்று முன்னால் வந்தது. கை, சேணத்தில் கால் வைத்து ஏறும் அங்கவடியை நோக்கி நீண்டது. நடுவழியில் தன் நோய் நினைவுக்கு வந்ததுபோல நின்று, போர்வைக்குள் ஒளிந்துகொண்டது.

கொலின் துள்ளி விலகினான். எவ்ரார் மட்டும் ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தார்.

திரும்பும் வழியெல்லாம் கொலின் புலம்பினான். "அப்ப பெட்டியில இருக்கிறது யாரு சாமி? ராவுல் வழியில அகப்பட்டவனைப் போட்டு வேகவெச்சுட்டானா? என் தொழிலை என்னைவிடப் பெரிய அளவுல பண்ணியிருக்கானே!"

எவ்ரார் கழுதையின் காதுகளையே பார்த்தபடி வந்தார். ஆற்றைக் கடக்கும்போது மட்டும், "கப்பல்லயே செத்துட்டான்னு சொன்னான், இல்ல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். யாரை என்று கொலினுக்குப் புரியவில்லை.

* * *

காலையில் ஊரே கோயிலுக்குள் நின்றது. கோமகனின் காரியஸ்தர் முன்வரிசையில், குளிருக்குக் கைகளைத் தேய்த்தபடி. பெட்டி நடுவில். எர்சாந்த் பெட்டிக்கு அருகில், இன்னும் வெள்ளைத்துணி இல்லாமல்.

"ராவுல், பெட்டிமேல கை வைங்க" என்றார் எவ்ரார். "எமெரி பிரபு உங்க மடியிலதான் இறந்தார், கூட வேற யாரும் இல்லைன்னு சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டா நான் மணியடிக்கச் சொல்லிடறேன்."

"தாராளமா" என்று ராவுல் கையை வைத்தான். "பரிசுத்த கல்லறை சாட்சியா..."

டொக். டொக். டொக்.

தாழ்வான ஜன்னலில் வெளிச்சம் மறைந்தது. நீலப் போர்வை. முக்காடு. உள்ளே யாரோ வீறிட்டார்கள். கூட்டம் பின்வாங்கியது.

"பேய் இல்ல!" என்று எவ்ரார் உரக்கச் சொன்னார். "உயிருள்ள மனுஷன். நோயாளி. நேத்து நான் பேசியிருக்கேன்." ஊர் மூச்சு விட்டது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பெலீன் வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

ராவுல் மட்டும் மூச்சு விடவில்லை. முகம் பெட்டிக்குள் கிடந்த எலும்பின் நிறத்துக்குப் போயிருந்தது. வைத்த கையை எடுக்கவும் மறந்து, ஜன்னலையே பார்த்தான்.

"எமெரி" என்றான். "எமெரி, குதிரையோட திரும்பி வரணும்னுதான் இருந்தேன். சத்தியமா வந்திருப்பேன். அவங்க துரத்தினாங்க. ஒரு குதிரைதான் இருந்துச்சு... தண்ணி கேட்டுக் கத்தினது கேட்டுச்சு, கேட்டுச்சு, ஆனா..."

பெட்டியோரம் சரிந்து விழுந்தான். வார்த்தை அழுகையாக மாறியது. கூட்டம் முணுமுணுத்தது. மடியில் உயிர் விட்டாராம்! அடிபட்டுக் கிடந்தவரை விட்டுவிட்டு, அவர் குதிரையில் ஏறி ஓடியவன் இவன்.

எர்சாந்த் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து வெளியே போனாள். யாரும் தடுக்கவில்லை. கொலின் ஜன்னலோரம் ஓடி எட்டிப் பார்த்தான்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவள் பார்க்கவே இல்லை. நேரே அவனிடம் போய், முக்காட்டுக்குள் குனிந்து பார்த்தாள். அந்த உடைந்த குரல் ஏதோ சொன்னது. நீளமாக இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு தடவை மட்டும் அவள் தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்து, உள்ளே வந்து, காரியஸ்தர் முன்னால் நின்றாள்.

"அவர் என் புருஷன்" என்றாள். "உயிரோட இருக்கார். நான் விதவை இல்லை."

வெளியே அந்த மனிதன் அதைக் கேட்டான். அவன் தலை நிமிர்ந்தது. பிறகு சேற்றில் மண்டியிட்டான்.

காரியஸ்தர் எவ்ராரைப் பார்த்தார். "புருஷனுக்கு என்ன நோய் இருந்தாலும் கல்யாணம் முறியாதுன்னு நீங்கதான சொல்றீங்க. அவர் மூச்சு இருக்கிற வரைக்கும் கோமகன் இந்த அம்மா விஷயத்துல கை வைக்க முடியாது. சாமி, நீங்க நேத்து பார்த்துப் பேசினது இவர்தானா?"

எவ்ரார் திரும்பினார். எர்சாந்த்தைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவளைப் பார்த்தபடி அவர் சிறிது நேரம் நின்றார்; எதற்கென்று கொலினுக்குத் தெரியவில்லை.

"நேத்து நான் பேசினது இவர்கூடத்தான்" என்றார் எவ்ரார்.

* * *

பெட்டியை வடக்குச் சுவரோரம் புதைத்தார்கள். வழியில் செத்த அநாதைகளைப் புதைக்கும் இடம். பிரபுவின் எலும்பு இல்லை என்றானபின் யாருக்கு மணி, யாருக்கு மெழுகுவத்தி? ராவுலைக் கட்டிக் கோமகனிடம் கொண்டுபோய்விட்டார்கள். குழியைச் சுற்றி நாலைந்து பேர்தான். எர்சாந்த் வந்திருந்தாள். எல்லாரையும்போல ஒரு பிடி மண் போட்டாள். மற்றவர்கள் போன பிறகும் அவள் கை மூடியே இருந்தது, இன்னும் கொஞ்சம் மண் அதில் இருந்ததுபோல. அழவில்லை. யாரோ ஒருவனின் எலும்புக்கு ஒரு சீமாட்டி எப்படி அழ முடியும்?

எவ்ரார் முணுமுணுத்த ஜெபத்தில், பெயர் வர வேண்டிய இடத்தில், அடிக்குரலில் ஒரு பெயர் வந்தது. பக்கத்தில் நின்ற கொலினுக்கு மட்டும் கேட்டது.

எமெரி.

ஊர் எல்லை தாண்டும்வரை அவன் பொறுத்தான்.

"சாமி, ஜெபத்துல உளறிட்டீங்க."

"இல்லை."

"அப்ப அந்தக் குடிசையில இருக்கிறவர்?"

"நான் ஏறத் திணறினப்ப என்ன பண்ணினான், பார்த்தியா?"

"கழுதையைப் பிடுங்க வந்தார்னு நினைச்சேன்."

"அங்கவடியைப் பிடிக்க வந்தான். மேல இருக்கிறவனுக்குக் கீழ இருக்கிறவன் செய்யுற வேலை அது. அங்கவடி பிடிக்கச் சொன்னா ராஜாக்களே சண்டைக்கு வந்திருக்காங்க. ஒரு பிரபு செத்தாலும் என் கழுதைக்கு அதைச் செய்ய மாட்டான். விரல் உதிர்ந்தும் அந்தக் கைக்கு மறக்கலை, கொலின். காலமெல்லாம் பிடிச்ச கை."

கொலின் நின்றுவிட்டான். "லாயக்காரன். துரான்."

"ராவுல் ஓடினப்புறம் பிரபுவோட இருந்தவன் அவன். கடைசித் தண்ணியைக் கொடுத்தவன் அவன். ராவுல் பிற்பாடு உடலைத் தேடி எடுத்து வேகவெச்சது, இங்க அந்த எலும்புக்கு என்ன விலைன்னு தெரிஞ்சப்புறம். அதனாலதான் அந்தக் கோயில்ல அவன் ஒருத்தனுக்கு மட்டும் ஜன்னல்ல நின்னது பேய். எமெரி செத்தது நிஜம்னு தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தானே."

"உண்மையைச் சொல்ல வைக்கத்தான் அவனைக் கூப்பிட்டீங்களா?"

"ஆமா. ஆனா பண்ணையடிமை, குஷ்டரோகி. வீரனுக்கு எதிரா அவன் சொல் எந்த மன்றத்திலயும் ஏறாது. ராவுல் போனா கோமகன் இன்னொருத்தனைக் காட்டியிருப்பார். நான் அவ்வளவு தூரம் யோசிக்கலை. அந்த அம்மா யோசிச்சுட்டா." எவ்ரார் தொண்டையைச் செருமினார். "அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை எமெரியோட கடைசி வார்த்தை. அதைக் கேட்ட கையோட, தன் புருஷன் எலும்பைப் பேரில்லாத குழிக்குக் கொடுத்துட்டா. அவருக்கு மனைவியாவே இருக்கிறதுக்கு அவளுக்கு வேற வழி இல்லை."

கொலினுக்குக் கிண்டலாக ஏதாவது சொல்லத் தோன்றியது. கழுதையின் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"பன்னி எலும்புக்கெல்லாம் பேர் வெச்சு வித்தவன் சாமி நான்" என்றான் கடைசியில்.

பனிக்குள் கட்டைச் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் வடக்குச் சுவரோரம், முதுகில் மஞ்சள் சிலுவையோடு ஒருவன் குனிந்து நின்றிருந்தான். கொஞ்சம் தள்ளி ஒரு பெண். இருவரும் ஒரே குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற யாருக்கும் அது, ஒரு மனைவி தன் நோயாளிக் கணவனோடு நிற்பதுபோலத்தான் தெரியும்.

கொலின் தொப்பியைக் கழற்றினான். பிறகு கழுதையின் மறுபக்கம் வந்து, வாழ்நாளில் முதல்முறையாக, சாமியாரின் அங்கவடியைப் பிடித்துக்கொண்டான்.